உலோகத்தில் உறைந்த மின்சாரம்: மறுசுழற்சி அலுமினியத்தின் உற்பத்திப் பயன் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மறுசுழற்சி அலுமினியத்தின் பயன் பெரும்பாலும் சூழலியல் நோக்கில் மட்டுமே பேசப்படுகிறது. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே பழைய உலோகத்தை உருக்கப் போதும் என்னும் கணக்கு பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. எனினும், அப்பயனை உற்பத்தித்துறை எந்த நெருக்கடியில் கண்டுணர்ந்தது, எந்த நிபந்தனையில் பெற்றது, எங்கே இழந்தது என்பன வரலாற்று வினாக்களாகும். 1945ஆம் ஆண்டின் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டாம் உலகப்போர்க்காலப் பிரிட்டன், எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய ஜப்பான், மேட்டூர் அலுமினிய ஆலை ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய அலுமினியத்தின் மதிப்பு அதில் ஏற்கெனவே செலவிடப்பட்ட மின்சாரத்தின் மதிப்பே என்பதும், உலோகக்கலவையின் வகை அறிந்து பிரிக்கப்படும்போதே அம்மதிப்பு முழுமையாகக் கைக்கு வருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: அலுமினியம், மறுசுழற்சி, இரண்டாம்நிலை உலோகம், மின்னாற்பகுப்பு, உலோகக்கலவை, மேட்டூர், தொழில் வரலாறு.

1. முன்னுரை

இரும்பு, செம்பு, பொன் ஆகிய உலோகங்களின் வரலாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீள்வது. அலுமினியமோ ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறே கொண்ட உலோகம். 1825இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தார். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் முடியாகப் பொருத்தப்பட்டபோது அது வெள்ளிக்கு நிகரான அரும்பொருளாகவே மதிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் அதே உலோகம் அடுக்களைப் பாத்திரமாக இறங்கி வந்தது. இம்மாற்றத்தை நிகழ்த்தியது தாதுவின் பெருக்கமன்று. புவி ஓட்டில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அலுமினியமே. மாற்றத்தை நிகழ்த்தியது மின்சாரம்.

அலுமினியத்தை மறுசுழற்சி செய்வதன் பயனை விளக்கும் எழுத்துகள் பொதுவாக மூன்று நன்மைகளைச் சுட்டுகின்றன: ஆற்றல் சேமிப்பு, தாதுச் சேமிப்பு, மாசுக் குறைவு. இவை மூன்றும் உண்மையே. ஆயினும், இவற்றை இயற்கை விதிகளாகக் கொள்வது வரலாற்றுப் பார்வைக்குப் பொருந்தாது. ஒரே பழைய உலோகம் ஓரிடத்தில் வானூர்திக்கு ஏற்ற தகடாகவும், வேறோரிடத்தில் உடல்நலத்துக்குக் கேடான சட்டியாகவும் மாறியிருக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மின்சாரத்தால் பிறந்த உலோகம்

1886இல் அமெரிக்காவின் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சின் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டறிந்தனர். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரிக்கும் முறை அது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பெறுவதற்குக் கார்ல் யோசப் பேயர் கண்ட முறையும் அடுத்த ஈராண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. இன்றும் உலக அலுமினிய உற்பத்தி இவ்விரு முறைகளின்மீதே நிற்கிறது.

இம்முறையில் ஒரு டன் அலுமினியம் பெற ஏறத்தாழ 2 டன் அலுமினாவும், அதற்காக 4 முதல் 5 டன் பாக்சைட்டும் வேண்டும். ஒரு டன் அலுமினாவைப் பிரிக்கையில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை டன் செஞ்சேறு எஞ்சுகிறது. காரத்தன்மை மிகுந்த இச்சேற்றைத் தேக்கிவைப்பதன் ஆபத்தை 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்கா நகருக்கு அருகே கரை உடைந்து பத்துப் பேர் உயிரிழந்த நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது. மின்தேவையோ இவை எல்லாவற்றையும் விஞ்சுவது. இன்றைய நவீன ஆலைகளிலும் ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. தொடக்கக் காலத்தில் இதைப்போல் இருமடங்குக்கு மேல் செலவாயிற்று.

இக்காரணத்தால் அலுமினிய ஆலைகள் தாது இருக்கும் இடத்தை நாடாமல் அருவி இருக்கும் இடத்தை நாடின. சுவிட்சர்லாந்தில் ரைன் அருவியருகே நாய்ஹவுசன், ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரிக்கரையில் ஃபாயர்ஸ், அமெரிக்காவில் நயாகரா என முதல் தலைமுறை ஆலைகள் பலவும் நீர்மின்சாரத்தை ஒட்டியே எழுந்தன. பின்னாளில் அலுமினியத்தை ‘உறைந்த மின்சாரம்’ என்று தொழில்துறையினர் குறிப்பிட்டது வெறும் உவமையன்று. விலைக் கணக்கின் சுருக்கம்.

பழைய அலுமினியத்தின் சிறப்பும் இங்கேதான் தொடங்குகிறது. ஆக்சிசனோடு பிணைந்த அலுமினியத்தை விடுவிக்கவே மின்சாரம் வேண்டும். ஒருமுறை விடுவிக்கப்பட்ட உலோகத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து உட்பகுதியைக் காக்கிறது. எனவே பல்லாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்னும் உலோகம் உலோகமாகவே நிற்கிறது. அதை மீண்டும் வடிவமாக்க 660 பாகை செல்சியசில் உருக்கினால் போதும். தூய பழைய உலோகத்தை உருக்கும் செலவு, தாதுவிலிருந்து எடுக்கும் செலவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்னும் கணக்கின் அடிப்படை இதுவே. திரட்டல், தூய்மையாக்கல், போக்குவரத்து ஆகியவற்றின் செலவையும், உருக்கும்போது கசடாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மிச்சம் ஓரளவு குறையும். ஆயினும் வேறுபாடு பெரிதாகவே நீடிக்கும்.

3. பழைய உலோகம் போட்டிச் சரக்கானது

அலுமினியத்தின் முதல் அரை நூற்றாண்டில் அமெரிக்க உற்பத்தி அல்கோவா என்னும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நிறுவனத்தின் காப்புரிமைக் காலம் 1909இல் முடிந்த பின்னும் நிலை மாறவில்லை. மின்சாரம், பாக்சைட், அலுமினா ஆகிய மூன்றும் கைவசம் இல்லாத எவரும் இத்தொழிலில் நுழைய இயலாது. ஆனால் பழைய அலுமினியத்தை வாங்கி உருக்குவதற்கு அருவியும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம். உலையும் உலோகத்தை இனங்காணும் கண்ணும் போதும். மோட்டார் வாகனங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் சிறு உருக்குநர்கள் பலர் இவ்வாறு உருவாயினர். வார்ப்புத் தொழிலுக்கு மலிவான உலோகம் கிடைத்தது. மறுசுழற்சி அலுமினியத்தின் முதல் உற்பத்திப் பயன், முதலீடு குறைந்தோரும் நுழையக்கூடிய ஒரு வாயிலைத் திறந்ததே எனலாம்.

இவ்வாயில் எவ்வளவு பெரியது என்ற வினா 1937இல் அமெரிக்க அரசு அல்கோவாவின்மீது தொடுத்த முற்றுரிமை வழக்கில் நீதிமன்றத்தின் முன் வந்தது. நிறுவனத்தின் சந்தைப் பங்கு யாது என்பது எதை எண்ணுவது என்பதைப் பொறுத்திருந்தது. நிறுவனம் தானே பொருளாக்கிய உலோகத்தை விட்டுவிட்டு, இரண்டாம்நிலை அலுமினியத்தையும் சந்தையில் சேர்த்துக் கணக்கிட்டால் 33 விழுக்காடு. நிறுவனத்தின் மொத்த உற்பத்தியைச் சேர்த்து, இரண்டாம்நிலை உலோகத்தையும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 64 விழுக்காடு. இரண்டாம்நிலை உலோகத்தை அறவே நீக்கினால் 90 விழுக்காட்டுக்கும் மேல். கீழ்நீதிமன்றம் முதல் கணக்கை ஏற்றது. 1945 மார்ச்சு மாதத்தில் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்த நீதிபதி லெர்னட் ஹேண்ட் மூன்றாம் கணக்கையே ஏற்றார்.

அவர் கூறிய காரணம் ஆய்வுக்குரியது. இன்றைய பழைய உலோகம் நேற்றைய புதிய உலோகமே. புதிய உலோகத்தை எவ்வளவு உற்பத்தி செய்வது என்று முடிவு செய்யும் நிறுவனம், பிற்காலத்தில் எவ்வளவு பழைய உலோகம் திரும்பி வரும் என்பதையும் தன் கணக்கில் கொண்டிருக்கும். ஆகவே திரும்பி வரும் உலோகத்தை அதற்கு எதிரான சுதந்திரப் போட்டியாகக் கருத இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தீர்ப்பின் பொருளியல் முடிவு பற்றி அறிஞரிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. எனினும், சந்தையின் எல்லையையே மாற்றவல்ல அளவுக்குப் பழைய அலுமினியம் வளர்ந்துவிட்டதை அவ்வழக்கு ஆவணப்படுத்துகிறது. பழைய உலோகத்தின் அளவு முந்தைய தலைமுறையின் உற்பத்தியால் வரையறுக்கப்படுகிறது என்னும் உண்மையையும் அது தெளிவாக்கியது.

4. போர்க்கால அடுக்களையும் வானூர்திச் சிதைவும்

பழைய அலுமினியம் அரசின் கவலையாக மாறியது இரண்டாம் உலகப்போரில். 1940 சூலையில் பிரிட்டனின் வானூர்தி உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, வீட்டிலுள்ள அலுமினியப் பாத்திரங்களைத் தந்தால் அவை போர் வானூர்திகளாக மாறும் என்று நாட்டுப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். மகளிர் தன்னார்வச் சேவை அமைப்பினர் தெருத்தெருவாகப் பாத்திரங்களைத் திரட்டினர். மறுஆண்டு சூலையில் அமெரிக்காவிலும் இத்தகைய திரட்டல் நடைபெற்றது. மக்களைப் போர் முயற்சியில் பங்கேற்கச் செய்வதில் இவ்வியக்கம் பெரும் வெற்றி கண்டது. உலோகவியல் நோக்கில் அதன் பயன் அத்துணைப் பெரிதன்று. பாத்திரத்தின் உலோகம் வேறு; வானூர்தியின் உடலைத் தாங்கும் செம்பு கலந்த டூராலுமின் வேறு. பிடி, ஆணி, அடிப்பற்று ஆகியவற்றோடு கலந்து வந்த பாத்திரக் குவியலை நேரே வானூர்தித் தகடாக்க இயலாது.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே காலத்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள கௌலியில் காணலாம். சுட்டு வீழ்த்தப்பட்ட வானூர்திகளின் சிதைவுகளை மீட்கும் அரசுப் பணிக்கூடம் அங்கே இயங்கியது. ஓவியர் பால் நாஷ் அங்குக் குவிந்து கிடந்த செருமானிய வானூர்திகளைக் கண்டே தமது புகழ்பெற்ற ‘டோட்டஸ் மேர்’ ஓவியத்தைத் தீட்டினார். ஓவியருக்கு அலைகள் உறைந்த கடலாகத் தோன்றிய அக்குவியல், உலோகவியலாளருக்கு இன்ன கலவை இன்ன அளவில் உள்ளது என்று அறியப்பட்ட கையிருப்பு. பாத்திரத்தைவிட வானூர்திச் சிதைவு உற்பத்திக்குப் பொருத்தமாக இருந்ததன் காரணம் இவ்வறிவே.

போர் முடிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிங்மன் நகருக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த 5,000க்கும் மேற்பட்ட வானூர்திகள் 1946 முதல் வெட்டி உருக்கப்பட்டு அலுமினியக் கட்டிகளாயின. பிரிட்டனில் வீடிழந்தோர் பலராகவும், எஃகும் மரமும் அரிதாகவும், வானூர்தி ஆலைகள் வேலையற்றும் இருந்தன. இம்மூன்றையும் ஒருசேரத் தீர்க்க எழுந்ததே அலுமினியத் தற்காலிக வீடு. பழைய வானூர்தி உலோகத்தைப் பெரும்பகுதியாகக் கொண்டு, வானூர்தி ஆலைகளிலேயே நான்கு கூறுகளாகச் செய்யப்பட்டு, சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று பொருத்தப்பட்ட இவ்வீடுகள் 54,000க்கும் மேல் எழுந்தன. அவை மலிவாக அமையவில்லை. எனினும், கையிலிருக்கும் உலோகமும் ஆலையும் தொழிலாளரும் ஒன்றிணைந்தால் மறுசுழற்சி உலோகம் எவ்வளவு விரைவாகப் பொருளாக மாறும் என்பதற்கு அவை சான்று.

5. ஜப்பான்: உருக்காலைகள் மறைந்த நாடு

போர்க்காலத் தட்டுப்பாடு தற்காலிகமானது. மின்சாரத்தின் விலையே நிலையாக உயர்ந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ஜப்பானின் வரலாறு காட்டுகிறது. 1970களில் ஜப்பான் உலகின் முன்னணி அலுமினிய உற்பத்தி நாடுகளுள் ஒன்று. 1977இல் அதன் ஆலைகளின் கொள்திறன் ஆண்டுக்கு 16 இலட்சம் டன்னைக் கடந்திருந்தது. ஆனால் அவ்வாலைகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி எண்ணெயை எரித்துப் பெறப்பட்டது. 1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் விலையேற்றம் ஒவ்வோர் ஆலையையும் நட்டத்தில் தள்ளியது. 1980களின் இறுதியில் சொந்த நீர்மின்சாரம் வைத்திருந்த கம்பாரா ஆலை ஒன்றே எஞ்சியது. 2014 மார்ச்சில் அதுவும் உருக்குவதை நிறுத்தியது.

உருக்காலைகள் மறைந்தன, அலுமினியத்தைக் கொண்டு பொருள் செய்யும் தொழில் மறையவில்லை. ஜப்பான் இருவழிகளில் ஈடுசெய்தது. நீர்மின்சாரம் மிகுந்த இந்தோனேசியாவின் அசாகானிலும் பிரேசிலின் அமேசான் பகுதியிலும் கூட்டு ஆலைகளில் முதலிட்டு முதன்மை உலோகத்தை இறக்குமதி செய்தது முதல் வழி. உள்நாட்டில் பழைய உலோகத்தைத் திரட்டி உருக்கும் தொழிலை வளர்த்தது மற்றொன்று. 1990களில் இரண்டாம்நிலை உலோக உற்பத்தி ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் என்னும் அளவில் நின்றது. அதில் பெரும்பங்கு மோட்டார் வாகனங்களின் எஞ்சின், பல்லிணைப் பெட்டி போன்ற வார்ப்புகளுக்குச் சென்றது. மின்சாரம் இல்லாத நாடு, முன்பு பிறர் செலவிட்ட மின்சாரத்தை உலோக வடிவில் திரும்பப் பெற்றுத் தன் வாகனத் தொழிலைக் காத்துக்கொண்டது என இதனைக் கூறலாம்.

6. மேட்டூர்: நிகரான ஓர் அனுபவம்

ஜப்பானிய அனுபவத்தின் சிறிய வடிவம் தமிழகத்திலும் உண்டு. சென்னைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவு பழையது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் இறக்குமதி உலோகத்தைக் கொண்டு அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கினார். அம்முயற்சியின் வெற்றியால் 1900இல் சென்னையில் இந்தியன் அலுமினியம் கம்பெனி தோன்றியது. ஆக, பாத்திரத் தொழில் முதலில் வந்தது. உருக்காலை பின்னரே வந்தது. இந்தியாவில் உலோகத்தையே உருவாக்கும் பணி 1943இல் ஆலுவாயில் தொடங்கியது. தமிழகத்தில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் மேட்டூர் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் மேட்டூரில் கிடைத்த மின்சாரமும் அதற்கு அடிப்படைகள்.

பாக்சைட் ஓரளவு இருந்தது. மின்சாரமே ஆலையின் போக்கைத் தீர்மானித்தது. மின்வெட்டும் கட்டண உயர்வும் 1990களின் தொடக்கத்தில் ஆலையை முடக்கின. 1995இல் உரிமை கைமாறியபின் ஆலைக்கெனத் தனி அனல்மின் நிலையம் அமைக்கப்பட்டது. உலகச் சந்தையில் அலுமினிய விலை வீழ்ந்த 2008இன் இறுதியில் உருக்கும் பணி நின்றது. ஆனால் அனல்மின் நிலையம் உடனே நிற்கவில்லை. அது மின்சாரத்தை வெளியில் விற்றது. மின்சாரத்தை உலோகமாக்கி விற்பதைவிட மின்சாரமாகவே விற்பது ஏற்றதாயிற்று என்பதே இதன் பொருள். அலுமினியம் உறைந்த மின்சாரம் என்னும் கூற்றுக்கு இதைவிட வெளிப்படையான சான்று அரிது.

மேட்டூர் உருக்காலை நின்றபோதும் சென்னை, கோயம்புத்தூர் வட்டாரங்களின் வாகன உறுப்பு, பம்பு, வார்ப்படத் தொழில்கள் தொடர்ந்து வளர்ந்தன. அவற்றின் தேவையில் கணிசமான பகுதியைப் பழைய உலோகத்திலிருந்து வார்த்த கட்டிகள் நிறைவு செய்கின்றன. இந்தியா இன்று ஆண்டுதோறும் 15 இலட்சம் டன்னுக்கு மேல் பழைய அலுமினியத்தை இறக்குமதி செய்கிறது. வெளிநாட்டில் செலவான மின்சாரமே இவ்வாறு துறைமுகம் வந்து இறங்குகிறது.

7. கலப்பின் நினைவு

மறுசுழற்சி அலுமினியத்தை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது என்னும் கூற்று அடிக்கடி காணப்படுகிறது. தூய அலுமினியத்துக்கு இது பொருந்தும். ஆலைக்கு வந்து சேரும் குவியலுக்குப் பொருந்தாது. செம்பைத் தூய்மையாக்கும்போது காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள பல மாசுகள் செம்புக்கு முன்பே ஆக்சைடாகிப் பிரிந்துவிடும். அலுமினியத்தில் இது நடவாது. இரும்பு, செம்பு, சிலிக்கான் ஆகியவற்றைவிட அலுமினியமே ஆக்சிசனை விரைந்து பற்றும். ஆகவே மாசுக்கு முன் உலோகம் எரிந்து கசடாகும். மக்னீசியத்தை ஓரளவு நீக்கலாம். கலந்துவிட்ட இரும்பை நீக்குவது தொழில்முறையில் மிகக் கடினம். அலுமினியம் தன்னோடு கலந்ததை மறப்பதில்லை.

எண்கள் இதனைத் தெளிவுபடுத்தும். கதவு, சன்னல் சட்டங்களுக்குரிய 6063 என்னும் கலவையில் இரும்பு 0.35 விழுக்காட்டைக் கடக்கக் கூடாது. எஞ்சின் வார்ப்புகளுக்குப் பயன்படும் ஏடிசி-12 என்னும் கலவையில் 1.3 விழுக்காடு வரை இரும்பும், 1.5 முதல் 3.5 விழுக்காடு வரை செம்பும், ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு சிலிக்கானும் இருக்கலாம். ஆகையால், தரம் பிரிக்கப்படாத பழைய உலோகம் இயல்பாகவே வார்ப்புக் கலவைகளை நோக்கிச் செல்கிறது. சன்னல் சட்டம் எஞ்சினாகலாம். எஞ்சின் மீண்டும் சன்னல் சட்டமாவது எளிதன்று. கலந்த உலோகத்தை உயர்தரமாக்க ஒரே நடைமுறை வழி, புதிய முதன்மை அலுமினியத்தைச் சேர்த்து நீர்க்கச் செய்வது. அப்போது சேமித்த மின்சாரத்தின் ஒரு பகுதி மீண்டும் செலவாகிறது. எனவே, தரம் பிரிக்காமல் கலப்பது மின்சாரத்தை இழப்பதற்கு ஒப்பாகும்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் எஞ்சிய வானூர்தி டூராலுமினைக் கொண்டு சில இரயில் பெட்டிகள் கட்டப்பட்டதும், அவை விரைவில் அரிப்புக்கு உள்ளாகி மாற்றப்பட்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. உலோகத்துக்கு வலிமை தந்த செம்பே அரிப்புக்கும் இடந்தந்தது. பழைய உலோகத்தின் கலவையை அறிவது மட்டும் போதாது. அது புதிய பயனுக்குப் பொருந்துகிறதா என்றும் காணவேண்டும்.

கலவை கலையாமல் திரும்பும் சுற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பானக் குவளை. 1959இல் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனம் அலுமினியக் குவளையை அறிமுகப்படுத்தியபோதே, திருப்பித் தரும் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு சென்ட் தந்தது. ஓரிகன் மாநிலம் 1971இலும் சுவீடன் 1982இலும் வைப்புத்தொகை முறையைச் சட்டமாக்கின. குவளையின் உடலில் மாங்கனீசும் மூடியில் மக்னீசியமும் மிகுதி. இவ்விரண்டு கலவைகளும் நெருங்கியவை என்பதால் சேர்த்து உருக்கி, அளவைச் சரிசெய்து மீண்டும் குவளைத் தகடாக்கலாம். பிரேசிலில் குவளைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் பல ஆண்டுகளாகத் திரும்புவதற்குக் ‘கட்டடோர்’ எனப்படும் தெருத்திரட்டுநரின் உழைப்பே முதன்மைக் காரணம். 2010ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தில் அந்நாடு அவர்களின் பங்கை ஏற்றது. நம் ஊர்களில் காந்தம் வைத்தும், அரத்தால் தேய்த்தும், எடை பார்த்தும் உலோகத்தை இனம் பிரிக்கும் காயலான் கடைத் தொழிலாளர் செய்வதும் இதே பணி. உருக்காலையின் மின்சாரச் சேமிப்பு அவர்களின் கைகளில் தொடங்குகிறது. சேமிப்பின் பங்கு அவர்களுக்கு மிகச் சிறிதளவே சென்று சேர்கிறது.

8. ‘ஈயப் பாத்திரம்’ எழுப்பும் எச்சரிக்கை

தமிழகத்தின் பல ஊர்களில் அலுமினியப் பாத்திரத்தை ‘ஈயப் பாத்திரம்’ என்றே வழங்குவர். வெள்ளீயத்தின் நிறத்தை ஒத்திருந்ததால் புதிய உலோகத்துக்குப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது போலும். அப்பெயர் இன்று எதிர்பாராத வகையில் பொருத்தமாகும் அபாயம் உள்ளது. அச்சத்துக்குரியது வெள்ளீயமன்று, காரீயம். வாகன உறுப்பு, மின்னணுக் கருவி, கம்பி முதலியவற்றைத் தரம் பிரிக்காமல் உருக்கிச் சிறுபட்டறைகளில் வார்க்கப்படும் பாத்திரங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும். கடைசலுக்கு எளிதாக இருக்கும்பொருட்டுச் சில அலுமினியக் கலவைகளில் காரீயம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. அத்தகைய உறுப்புகள் குவியலில் கலந்தால் கண்ணால் அறிய இயலாது. இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளின் 42 பாத்திரங்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பாத்திரங்களிலிருந்து கவலைக்குரிய அளவில் காரீயம் கசிவதைக் கண்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை.

இது மறுசுழற்சிக்கு எதிரான சான்றன்று. பிரிக்காத மறுசுழற்சிக்கு எதிரான சான்று. பழைய பாத்திரம் மீண்டும் பாத்திரமாவதில் இவ்வபாயம் மிகக் குறைவு. எஞ்சின் பாத்திரமாகும்போதே இடர் நேர்கிறது. 1940இல் பிரிட்டன் பாத்திரத்தை வானூர்தியாக்க முயன்று கண்ட அதே சிக்கல், திசைமாறி இன்று அடுக்களைக்கு வந்திருக்கிறது. அன்று இழப்பு உலோகத்துக்கு. இன்று இழப்பு உண்போருக்கு.

9. முடிவுரை

இக்கட்டுரையில் ஆராயப்பட்ட சான்றுகள் பின்வரும் முடிவுகளுக்கு இட்டுச் செல்கின்றன.

முதலாவது, மறுசுழற்சி அலுமினியத்தின் பயனை உற்பத்தித்துறை முதலில் உணர்ந்தது சூழல் அக்கறையால் அன்று. முதலீட்டுத் தடை, போர்த் தட்டுப்பாடு, எண்ணெய் விலை, மின்வெட்டு ஆகிய நெருக்கடிகளே ஒவ்வொரு கட்டத்திலும் பழைய உலோகத்தின்பால் தொழிலைத் திருப்பின. ஜப்பானும் மேட்டூரும் ஒரே பாடத்தை வெவ்வேறு அளவில் கூறுகின்றன: உருக்காலை மின்சாரத்தோடு போகும், அலுமினியப் பொருள் செய்யும் தொழில் பழைய உலோகத்தைக் கொண்டு நிற்கக்கூடும்.

இரண்டாவது, 95 விழுக்காட்டு ஆற்றல் சேமிப்பு என்பது தானாகக் கிடைக்கும் பரிசன்று. கலவையறிந்து பிரித்தல் என்னும் உழைப்புக்கு ஈடாகவே அது கிடைக்கிறது. கௌலியின் சிதைவுக் குவியலும் பானக் குவளையும் பயன் தந்தது உலோகம் இன்னதென்று அறியப்பட்டிருந்தமையால்.

மூன்றாவது, இதுகாறும் தரம் பிரியாத உலோகத்தை ஏற்றுக்கொண்டுவந்த பெருங்கொள்கலம் எஞ்சின் வார்ப்பு. மின்வாகனங்களில் எஞ்சின் இல்லை. அவை பெருகப் பெருக, கலந்த அலுமினியத்துக்கு இடம் குறையும். தகடும் சட்டமும் ஆகத்தக்க தூய கலவைகளுக்குத் தேவை கூடும். வாகன உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் தமிழகத்துக்கு இது தொலைவிலுள்ள சிக்கலன்று. ஊடுகதிர், லேசர் ஆகியவற்றால் கலவையை இனங்காணும் கருவிகள் இன்று உள்ளன. அக்கருவிகளோடு, கையால் பிரித்து வந்தோரின் அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியமும் பாதுகாப்பும் இணைய வேண்டும்.

பழைய அலுமினியத்தின் ஒவ்வொரு கட்டியிலும் முன்பு எங்கோ ஓடிய நீரின் ஆற்றலோ எரிந்த நிலக்கரியின் ஆற்றலோ தங்கியிருக்கிறது. அதை வீணாக்காமல் காப்பது, குவியலைப் பிரிப்பவரின் கையிலிருந்து தொடங்கும் பணி என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.